சி பிளாக் லிஃப்டும் சிவப்பு பல்பும்

முதலில் எல்லோரும் கோயில் மணி என்றுதான் நினைத்தார்கள்.

கணீர் என்று ஒரு சத்தம். அதன் பின்னாலேயே கட்டடம் ஒரு தரம் அதிர்ந்தது. ஏழாவது மாடியில் லேப்டாப் முன் உட்கார்ந்திருந்த தமயந்தியின் டபராவில் காபி வளையம் வளையமாகச் சுருங்கி விரிந்தது. கீழே யாரோ "ஐயோ!" என்றார்கள். அப்புறம் பல பேர்.

அந்தச் சத்தம் அண்டாவுடையது. பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகத்து அன்னதானத்துக்காக வாடகைக்கு எடுத்த பித்தளை அண்டா. திருட்டுப் போகாமல் இருக்கட்டும் என்று தமயந்தி வீட்டு பால்கனியில் வைத்திருந்தார்கள். இப்போதுதான் அதை லிஃப்டில் ஏற்றிக்கொண்டு அவள் கணவன் குணசீலன் கீழே போயிருந்தான்.

போகும்போது வாசலில் நின்று ஏதோ சொன்னான். அவள் காதில் ஹெட்போன். மறுநாள் சென்னையில் முதலீட்டாளர்கள் முன்னால் பேச வேண்டிய உரையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாம் பேசுவதை எதிரில் இருப்பவர் கேட்கிறார் என்று எப்படித் தெரிந்துகொள்கிறோம்? நம் ஊரில் அதற்கு ஒரு சின்னச் சத்தம் இருக்கிறது. கதை கேட்கும் குழந்தைகூட 'ம்' கொட்டும். எங்கள் செயலி, டிஜிட்டல் உலகத்தின் 'ம்'..."

தமயந்தி ஏழு மாடியையும் படியில் ஓடி இறங்கினாள்.

லிஃப்ட் மூன்றாவது மாடி அருகே வழுக்கி, அடித்தளத்தில் போய் மோதியிருந்தது. கதவு உள்வாங்கி மடங்கிக் கிடந்தது. பந்தல்காரர்கள் கடப்பாரை கொண்டுவந்து நெம்பினார்கள். கதவு பிளந்ததும் முதலில் தெரிந்தது அண்டா. அதற்கடியில் ஒரு கால். செருப்பை வைத்து அடையாளம் கண்டாள்.

ஆம்புலன்ஸ் கோவை சரவணம்பட்டி நெரிசலில் ஊளையிட்டுக்கொண்டு ஊர்ந்தது. குணசீலன் கண் திறக்கவில்லை. தமயந்தியின் கையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. அடுக்ககத்தின் குரூப்பில் செயலாளர் வெள்ளியங்கிரி எழுதியிருந்தார்:

"எதிர்பாராத சிறு அசம்பாவிதம். சி பிளாக்கின் முதல் லிஃப்ட் நிறுத்தப்பட்டுள்ளது. இரண்டாவது லிஃப்ட் வழக்கம்போல் இயங்கும். விநாயகர் அருளால் அன்னதான வேலைகள் தடையின்றி நடைபெறும்."

அதன் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். அனுப்பும்போது வெள்ளியங்கிரிக்குப் பச்சை எரிந்திருக்கும். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஏனென்றால் அந்தப் பச்சையைக் கண்டுபிடித்தவளே அவள்தான்.

செயலியின் பெயர் 'இசைவு'. மக்கள் வைத்த பெயர் 'பல்பு'. நீங்கள் எந்தக் குரூப்பில் எதை டைப் செய்தாலும், அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும். குரூப்பில் பெரும்பாலானவர்கள் உங்கள் கருத்தை வரவேற்பார்கள் என்றால் பச்சை. பாதிப் பாதி என்றால் மஞ்சள். நீங்கள் தனி ஆள் என்றால் சிவப்பு. வந்து இரண்டு வருடத்துக்குள் தமிழ்நாட்டில் பல்பு இல்லாத போன் அபூர்வமாகிவிட்டது. குடும்பக் குரூப்களில் சண்டை நின்றது. சித்தப்பாக்கள் அரசியல் பேசுவதை நிறுத்தினார்கள். தமயந்திக்கு விருதுகள் வந்தன. படித்தவர், விவரம் தெரிந்தவர் என்று அடுக்ககத்தில் அவளையே சி பிளாக் பிரதிநிதியாகவும் போட்டார்கள்.

மருத்துவமனையில் எலும்பு டாக்டர் சுருக்கமாகப் பேசினார். "காலைக் காப்பாத்திடலாம்னு நினைக்கிறோம். தலையில அடி இருக்கு. ஸ்கேன்ல பெருசா ஒண்ணும் தெரியல. ஆனா முழிச்சுப் பேசினாத்தான் நானே நிம்மதியா இருப்பேன்."

தமயந்தியால் உட்கார முடியவில்லை. ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்கும் தண்ணீர் குழாய்க்கும் இடையே நடந்துகொண்டே இருந்தாள். ஐந்தாவது மாடி ஸ்டெல்லா டீச்சர் ஒரு பையில் துண்டும் பிளாஸ்க்கும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"உக்காரு தமயந்தி. நீ நடந்தா அவருக்கு என்ன சரியாகவா போகுது?"

"எப்படி டீச்சர் அது விழும்? போன வருஷம்தானே சர்வீஸ் பண்ணாங்க?"

ஸ்டெல்லா பிளாஸ்க் மூடியைத் திருகினாள். திரும்பவும் மூடினாள். "அது மூணாவது மாடிகிட்ட ஒரு இழுப்பு இழுக்கும்ல. அப்புறம் கிறீச்சுன்னு ஒரு சத்தம். எனக்கு ரொம்ப நாளாவே பயம்தான். இறங்கற வரைக்கும் ஜெபம் பண்ணிட்டே போவேன்."

தமயந்தி நின்றாள். ஹெட்போன் இல்லாமல் அவள் அந்த லிஃப்டில் ஏறியதே இல்லை. "தெரியுமா உங்களுக்கு? ஏன் குரூப்ல சொல்லல?"

"டைப் பண்ணேம்ப்பா. சிவப்பு எரிஞ்சுது." ஸ்டெல்லாவின் குரல் இறங்கியது. "எல்லாரும் கோயில் வேலையில ஓடிட்டு இருக்காங்க. ஏற்கெனவே நான் சர்ச்சுக்குப் போறவ. நல்ல காரியம் நடக்கறப்போ லிஃப்ட் அறுந்து விழும்னு நான் எழுதினா எப்படி எடுத்துக்குவாங்க? பார்க்கிங்ல தண்ணி ஒழுகுதுன்னு சொன்ன முரளி சாரை என்ன பாடு படுத்தினாங்க, ஞாபகம் இருக்கா? 'காப்புக் கட்டின நேரத்துல எதுக்கு சார் அபசகுனமா பேசறீங்க'ன்னு. அழிச்சுட்டேன். வேற யாருக்காவது தோணியிருந்தா அவங்க சொல்வாங்கன்னு விட்டுட்டேன்."

தமயந்தி போனை எடுத்தாள். அலுவலகத்தில் அவளிடம் வேலை பார்க்கும் ரிஸ்வானைக் கூப்பிட்டாள்.

"லேப்டாப்போட இங்க வா. கேள்வி கேட்காத."

மருத்துவமனை கேன்டீனின் மூலை மேஜை. பக்கத்தில் யாரோ சாம்பார் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். ரிஸ்வான் சுற்றும் முற்றும் பார்த்தான்.

"அக்கா, அழிச்ச மெசேஜை யாரும் திறந்து பார்க்கக் கூடாதுன்னு ரூல் போட்டதே நீங்கதான்."

"தெரியும். திற."

"இதை நாம வச்சிருக்கோம்னே வெளியில யாருக்கும் தெரியாது. விளக்கோட நிறத்தை முடிவு பண்ற மாடலுக்குப் பாடம் எடுக்கத்தான் வச்சிருக்கோம்."

"என்ன பாடம்? எனக்கே ஒருதடவை சொல்லு. ஒரு ஆள் டைப் பண்ணிட்டு அழிச்சா, மாடல் அதை எப்படிப் புரிஞ்சுக்கும்?"

ரிஸ்வான் தயங்கினான். "இந்த விஷயம் இந்தக் குரூப்புக்கு ஒத்துவராதுன்னு அவரே முடிவு பண்ணிட்டார்னு."

"அப்ப அடுத்த ஆள் அதையே டைப் பண்ணினா?"

"இன்னும் கொஞ்சம் சிவக்கும்."

பக்கத்து மேஜைக்காரர் எழுந்து கை கழுவப் போனார். தமயந்தி அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலேஜ்ல என் ஆராய்ச்சியே இதுதான்டா. ஊரே ஒரு பக்கம், நாம மட்டும் ஒரு பக்கம்னு தோணினா ஆள் வாயை மூடிக்குவான். அவன் மூடினதைப் பார்த்து அடுத்தவனும் மூடிக்குவான். கடைசியில யாருமே நினைக்காத ஒண்ணு ஊரோட கருத்து ஆயிடும். மௌனச் சுருள்னு சொல்வாங்க. அசிங்கப்படுவோமோங்கற பயம்தான் அதுக்கு வேர். அந்தப் பயத்தைப் போக்கலாம்னுதான் பல்பு வச்சேன். முன்னாடியே தெரிஞ்சுட்டா யாரும் அசிங்கப்பட வேண்டாம்ல?"

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. சுருள்ங்கறது நோய்க்குப் பேரு. நாம அதையே பாட்டில்ல ஊத்தி மருந்துன்னு வித்துட்டோம்."

"திறடா."

திறந்தான். 'லிஃப்ட்' என்ற சொல்லைத் தேடச் சொன்னாள். திரை நிரம்பியது. உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது.

"சி பிளாக் லிஃப்ட் ஒரு மாதிரி ஆடுது, எனக்கு மட்டும்தானா?" அழிக்கப்பட்டது. "நேத்து பாப்பா லிஃப்ட்ல அழுதுட்டா, யாராவது..." அழிக்கப்பட்டது. "லிஃப்ட் சத்தம் நார்மலா? சும்மா கேட்கிறேன், தப்பா நினைக்க வேண்டாம்." அழிக்கப்பட்டது. முரளி சார் மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அழித்திருந்தார். குரூப்பில் இருந்த சி பிளாக் வீடுகளில் பாதிக்கும் மேலே. எல்லாரும் ஒரே லிஃப்டில், ஒரே பயத்தோடு, அவரவர் போனைப் பார்த்தபடி ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

செயலாளர் வெள்ளியங்கிரியின் பெயரும் இருந்தது. "கயிறு ரெண்டு லிஃப்டுக்கும் மாத்தணும்னு மெக்கானிக் சொல்றார். கும்பாபிஷேகம் முடியட்டுமா, உடனே மாத்தலாமா? உங்கள் கருத்து." அழிக்கப்பட்டது.

"இந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு!" தமயந்தி மேஜையைத் தட்டினாள். தம்ளர் உருண்டது.

"அக்கா, 'ரெண்டு லிஃப்டுக்கும்'னு போட்டிருக்கு."

"இரு. இன்னொரு பேர் தேடு. குணசீலன்."

ரிஸ்வான் தேடினான். ஒன்றும் இல்லை. மறுபடி தேடினான். கும்பாபிஷேகத்துக்கு ஒரு வாழ்த்து, வாட்ச்மேனுக்கு ஒரு நன்றி. லிஃப்டைப் பற்றி ஒரு வரி, ஒரு எழுத்து இல்லை.

அது எப்படி? குணசீலன் மோட்டார் பம்ப் கம்பெனியில் தரச் சோதனை பார்ப்பவன். ஓடும் பம்பின் மேல் ஸ்குரூடிரைவரை வைத்து, மறுமுனையில் காதை வைத்து, எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லுவான். வீட்டு மிக்ஸி சத்தம் மாறினால் தூக்கத்தில் எழுந்து வருவான். மூணாவது மாடி இழுப்பு ஸ்டெல்லா டீச்சருக்குக் கேட்டிருக்கிறது. இவனுக்கா கேட்கவில்லை? கேட்டும் ஏன் பேசாமல் இருந்தான்?

போன் மறுபடி துடித்தது. குரூப்பில் யாரோ வீடியோ போட்டிருந்தார்கள். இரண்டாவது லிஃப்ட். வாழை மரக் கட்டுகளோடு பட்டுப்பாவாடைச் சிறுமிகள் நெருக்கியடித்து நின்று கேமராவுக்குக் கை ஆட்டுகிறார்கள். "அன்னதானத்துக்கு ரெடி!"

தமயந்தி வெள்ளியங்கிரிக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடி. பந்தலில் நாதஸ்வரம் ஒலிபெருக்கியில் அலறிக்கொண்டிருக்கும், காதில் விழாது. வாட்ச்மேனுக்கு அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. குரூப்பைத் திறந்து வேகமாக டைப் செய்தாள்: "இரண்டாவது லிஃப்டையும் உடனே நிறுத்துங்க. அதுவும் விழலாம். யாரும் ஏறாதீங்க."

பல்பு சிவந்தது.

அவள் விரல் நின்றது. புருஷன் ஆபரேஷன் தியேட்டரில் கிடக்கிறான், அந்த விளக்குக்குள் என்ன இருக்கிறது என்று உலகத்தில் எல்லோரையும்விட அவளுக்குத் தெரியும், இருந்தும் விரல் நின்றது. பதற்றத்தில் உளறுகிறாள் என்பார்களோ? செயலாளரைக் குற்றம் சொல்கிறாள் என்பார்களோ?

"அனுப்புங்கக்கா!" என்றான் ரிஸ்வான்.

அனுப்பினாள்.

குரூப் அமைதியானது. ஒரு பெயருக்குக் கீழே 'டைப் செய்கிறார்...' என்று வந்தது, மறைந்தது. இன்னொரு பெயர். மறைந்தது. நாலைந்து பெயர்கள் ஒரே நேரத்தில் தோன்றி, மூச்சு வாங்கி, மறைந்தன. கடைசியில் ஒரே ஒரு பதில்: "மேடம், நீங்க டென்ஷன்ல இருக்கீங்க. சாருக்காக அர்ச்சனை பண்ணியிருக்கோம். தைரியமா இருங்க." அதன் கீழே கும்பிட்ட கைகள்.

"ரிஸ்வான், நாம பார்த்ததை நான் சொல்லப் போறேன்."

"அழிச்சதையும் கம்பெனி வச்சிருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். நாளைக்குச் சென்னையில ஒருத்தரும் நமக்கு நாற்காலி போட மாட்டாங்க. உங்க வேலை, என் வேலை, எல்லாம்..."

"அந்தப் பாவாடைப் பொண்ணுங்க இன்னும் எத்தனை தடவை ஏறி இறங்குமோ."

ரிஸ்வான் லேப்டாப்பை மூடினான். "சரி. என் பேரை மட்டும் போடாதீங்க. எங்கம்மா இப்பத்தான் எனக்குப் பொண்ணு பார்க்குது."

அவள் எழுதினாள்: "இந்த லிஃப்ட் ஆடுவதைப் பற்றி எழுதிவிட்டு அழித்தவர்கள் நம் சி பிளாக்கில் பாதிப் பேருக்கு மேல். ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் என்று நினைத்திருக்கிறோம். யாரும் தனி ஆள் இல்லை. அழித்ததை என் கம்பெனி சேர்த்து வைத்திருக்கிறது, நான் இப்போது பார்த்தேன். அது தப்பு. அதற்கு என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். முதலில் லிஃப்டை நிறுத்துங்கள்."

இவ்வளவு அடர்ந்த சிவப்பை அவள் சோதனைக்கூடத்தில்கூடப் பார்த்ததில்லை. அனுப்பினாள்.

முதல் பதில் மேலே, தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லாவிடமிருந்து வந்தது. "நான் எழுதினேன். அழிச்சேன்."

பிறகு முரளி சார்: "நானும். மூன்று தடவை."

பிறகு, "நானும்." "என் மனைவியும்." "எங்க வீட்ல ரெண்டு பேரும்." "என் பொண்ணு தினமும் படியிலதான் போறா, கேட்டா எக்சர்சைஸ்ங்கறா." வந்துகொண்டே இருந்தன. நடுவில் ஒருவர், "அழித்ததைப் படிக்க நீங்கள் யார்?" என்று கேட்டிருந்தார். அதுவும் நியாயம்தான் என்று தமயந்தி நினைத்தாள். சற்று நேரத்தில் ஒரு படம் வந்தது. இரண்டாவது லிஃப்ட் வாசலுக்குக் குறுக்கே குலையோடு ஒரு வாழை மரத்தைச் சாய்த்துக் கட்டியிருந்தார்கள்.

கூடவே இன்னொரு செய்தியும் வந்தது, அலுவலகத்திலிருந்து. "நிறுவனத் தரவுகளைத் திறக்க உங்களுக்கு இருந்த அனுமதிகள் ரத்து செய்யப்பட்டுள்ளன." அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மாலையில் வெள்ளியங்கிரி வந்தார். நெற்றியில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. வேட்டியில் சாம்பார்க் கறை. தமயந்தி எழுந்திருக்கவில்லை.

"அம்மிணி, அவருக்கு எப்படி இருக்குதுங்?"

"கால் தப்பிச்சிடுச்சு. இன்னும் முழிக்கல."

"மெக்கானிக்கு வந்து ரெண்டாவது லிஃப்டைத் திறந்து பாத்தானுங். கயித்துல பாதி இழை அறுந்து தொங்குது. இன்னிக்கு ராத்திரி தாங்கியிருக்காதுன்னான்." பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். "நாஞ் சொல்லியிருக்கோணும். தப்புத்தான். எழுதினனுங். செகப்பு எரிஞ்சுபோச்சு. வசூல் பண்ணி, நாள் குறிச்சு, காப்புக் கட்டி, இந்த நேரத்துல மெசினைப் பிரிச்சுப் போட்டா சனங்க ஏத்துக்க மாட்டாங்களாட்ட இருக்குதுன்னு விட்டுப்போட்டேன்."

"விளக்கு சொன்னா கேட்டுக்குவீங்களா? செயலாளர்னு எதுக்கு இருக்கீங்க?" தமயந்தியின் குரல் உயர்ந்தது. ஒரு நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். "அந்த அண்டா உங்க மகன் கால்ல விழுந்திருந்தா?"

வெள்ளியங்கிரி தலையை நிமிர்த்தினார். கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் அடங்கவில்லை.

"கேளுங் அம்மிணி. கேக்க வேண்டியதுதான். நானொண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. உங்கூட்டுக்காரரு மோட்டார் சத்தத்தை வச்சே நோவு சொல்ற ஆளு. எங்க தோட்டத்து மோட்டாரைப் போன்லயே கேட்டு காயில் போச்சுன்னு சொன்னாரு. அவருக்குத் தெரியாமயா இருந்திருக்கும்? நாங்கெல்லாம் எழுதியாவது அழிச்சோம். அவரு ஏனுங் எங்கிட்டக்கூட வாயவே தொறக்கல?"

மத்தியானத்திலிருந்து அவளைத் துரத்திக்கொண்டிருந்த கேள்வி, இப்போது இன்னொருவர் வாயிலிருந்து வருகிறது. எல்லோருக்கும் பயம் இருந்தது, பயத்துக்கு ஒரு அடையாளம் இருந்தது. தன் புருஷன் மட்டும் ஒரு எழுத்துகூட அடிக்காமல் அந்த லிஃப்டில் தினமும் போய்வந்திருக்கிறான். அவ்வளவு அலட்சியமா? ஊர் எக்கேடு கெட்டால் என்ன என்று இருக்கும் ஆளும் இல்லையே.

உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "குணசீலன் அட்டெண்டர் யாரு? முழிச்சிட்டாரு. உங்களைத்தான் கேட்கிறாரு. ஒருத்தர் மட்டும் வாங்க."

குணசீலனின் தலையில் கட்டு. ஒரு பக்கம் முகம் வீங்கி, வேறு யாரோ போல இருந்தான். கண் மட்டும் அவனுடையது. தமயந்தி கட்டிலருகே போய் அவன் கையைப் பிடித்தாள்.

"அண்டா நசுங்கிடுச்சா?" என்றான். நாக்கு குழறியது. "வாடகை அண்டா."

"அண்டாவா இப்ப முக்கியம்?" சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. டாக்டர் பயந்தபடி இல்லை, பேசுகிறான், நினைவு இருக்கிறது. கொஞ்ச நேரம் சும்மா இருந்திருக்கலாம். அவளால் இருக்க முடியவில்லை.

"என்னங்க, ஒண்ணு கேட்கட்டா? லிஃப்ட்ல அந்தச் சத்தம். உங்களுக்குக் கேட்கலையா?"

"கேட்டுச்சே. கயிறு தேஞ்சு, சக்கரத்துல வழுக்குது. ரொம்ப நாளா."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? எல்லாரும் ஒரு வரியாவது எழுதிப் பார்த்திருக்காங்க. நீங்க மட்டும் ஏங்க ஒரு வார்த்தைகூட குரூப்ல போடல?"

அவன் புரியாமல் அவளைப் பார்த்தான். கோபமே இல்லை அந்தப் பார்வையில்.

"நான் எதுக்கு தமா குரூப்ல போடணும்? சி பிளாக் பிரதிநிதி நீ. உன்கிட்டதான் தினம் காலையில வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போனேனே, இன்னிக்கும் சொன்னேன். நீயும் 'ம்'னியே."